சிஆர்பி இயல்பு, சிறுகுடல் இயல்பில்லை: அக்கா, தங்கை இருவரின் நிகழ்வு ஆய்வு

சீலியாக் நோயில் கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் நோயெதிர்ப்பைத் தூண்ட, சிறுகுடலின் உட்சவ்வு அழற்சியால் சிதைகிறது. ஆனால் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாக எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகள், குறிப்பாக அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் சிஆர்பி என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை, இந்த நோயில் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. இந்த முரண்பாடு எத்தனை பேரின் நோயறிதலை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறது என்பதைக் காட்டத்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். இதில் வரும் அக்காவும் தங்கையும் குறிப்பிட்ட இரண்டு மனிதர்கள் அல்லர். புறநோயாளர் பிரிவில் திரும்பத் திரும்பத் தென்படும் போக்குகளைக் கோத்து, பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு இது. எண்களும் அப்படி அமைத்தவைதான். அவை ஏறி இறங்கும் விதம் மட்டும் நோயில் உள்ளபடியே இருக்கிறது.

அக்கா

வயது 36. நான்கு வருடமாக அசதி. அவ்வப்போது வயிற்று உப்புசம், அடிக்கடி வாய்ப்புண், முடி உதிர்வு. வயிற்றுப்போக்கு கிடையாது. எடை குறையவில்லை, சொல்லப்போனால் இரண்டு கிலோ கூடியிருந்தது. சீலியாக் என்றால் ஒட்டிய கன்னமும் உப்பிய வயிறும் ஓயாத பேதியுமாக ஒரு குழந்தை என்ற படம் இன்னும் பலர் மனதில் இருக்கிறது. பெரியவர்களில் பலருக்கு நோய் இப்படி ரத்தசோகையாகவும் களைப்பாகவும்தான் வருகிறது. உடல் பருமனோடு வருபவர்களும் உண்டு.

இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறார். ஹீமோகுளோபின் ஏறவில்லை. மாதவிடாய் ரத்தப்போக்குதான் காரணம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். இன்னோரிடத்தில் வயிற்று உப்புசத்தைக் கேட்டுவிட்டு ஐபிஎஸ், அதாவது சிதைவு எதுவும் தெரியாமல் குடல் தொல்லை தரும் நிலை, என்று எழுதினார்கள். அந்தச் சீட்டில் இருந்த வரி முக்கியமானது: 'சிஆர்பி இயல்பு, குடலில் அழற்சி இல்லை.'

அவர் கையில் கொண்டுவந்த அறிக்கை இது. ஹீமோகுளோபின் 9.1 கிராம். சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு 71. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 5. தட்டணுக்கள் 4,62,000. சிஆர்பி ஒரு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம், அந்த ஆய்வகத்தில் 5 வரை இயல்பு. சிவப்பணுக்கள் படியும் வேகமான ஈஎஸ்ஆர் 34. கல்லீரல் நொதி ஏஎல்டி 68. மலத்தில் கால்புரோடெக்டின் ஒரு கிராமுக்கு 62 மைக்ரோகிராம், 50 வரை இயல்பு. வைட்டமின் டி 11.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் இந்த ஒரே தாளில் தவறான திசையில் கையைக் காட்டும் எண்கள் குறைந்தது மூன்று இருக்கின்றன.

ஈஎஸ்ஆர் 34 என்பதற்குப் பக்கத்தில் ஆய்வகம் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. ரத்தசோகை ஒன்றே இந்த எண்ணை ஏற்றிவிடப் போதும். சிவப்பணுக்களின் பங்கு குறைந்தால் அவை சோதனைக் குழாயில் வேகமாகப் படிகின்றன. 9.1 ஹீமோகுளோபின் உள்ள ஒருவரிடம் ஈஎஸ்ஆர் 34 வந்தால், அதை அழற்சி என்று படிக்க வேறு ஏதாவது துணைக்கு வரவேண்டும். இங்கே வரவில்லை.

தட்டணு எண்ணிக்கைக்கும் குறி இருந்தது. அழற்சியில் தட்டணுக்கள் கூடும் என்பது உண்மை. இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் கூடும் என்பதும் அதே அளவு உண்மை. சீலியாக் நோயாளிகளில் சிலருக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாமல் போவதாலும் கூடலாம். அதனால் இந்த எண்ணை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது. தட்டணுவையோ நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவையோ லிம்போசைட் என்ற இன்னொரு வெள்ளணுவால் வகுத்து வரும் விகிதங்களைச் சீலியாக் நோயின் அழற்சிக் குறியீடாக முன்வைக்கும் கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. இரும்பு குறைந்த நோயாளியிடம் அந்த விகிதம் எதை அளக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை.

மூன்றாவது கால்புரோடெக்டின். இது நியூட்ரோஃபில் செல்லுக்குள் ஏராளமாக இருக்கும் புரதம். குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி போன்றவற்றில் நியூட்ரோஃபில்கள் குடலுக்குள் படையெடுப்பதால் மலத்தில் இது பல நூறாக ஏறும். சீலியாக் நோயின் சவ்வில் கூடுவது முக்கியமாக லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும். அதனால் கால்புரோடெக்டின் இயல்பாகவோ, இப்படி எல்லையைத் தொட்டுக்கொண்டோ நிற்கும். 62 என்ற எண்ணை 'கிட்டத்தட்ட இயல்பு' என்று ஒதுக்கியது தவறில்லை. ஆனால் அதிலிருந்து சிறுகுடல் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்குப் போனதுதான் தவறு.

சரி, அப்படியானால் இந்தத் தாளில் உண்மையைச் சொன்ன எண்கள் எவை? ஒன்று ஃபெரிட்டின். இது அழற்சி இருக்கும்போது பொய்யாக உயரும் புரதம். பல நாள்பட்ட அழற்சி நோய்களில் இரும்புக் குறைபாட்டை மறைத்துவிடும். இவருக்கு 5. அதாவது மறைக்கும் அளவுக்கு உடல் முழுக்கப் பரவிய அழற்சி இல்லை, இரும்பும் இல்லை. இரும்பு உறிஞ்சப்படுவது முக்கியமாக முன்சிறுகுடலில். சீலியாக் நோய் முதலில் தாக்குவதும் அதே இடத்தைத்தான். மாத்திரையை விழுங்கினாலும் உள்ளே எடுத்துக்கொள்ளும் பரப்பு இல்லை. இரண்டு வருட மாத்திரைக்கும் அசையாத ஹீமோகுளோபின் அப்போதே ஒரு பரிசோதனை முடிவுதான், யாரும் அதை அப்படி வாசிக்கவில்லை.

இன்னொன்று ஏஎல்டி 68. மஞ்சள்காமாலை வைரஸ்கள் இல்லை, மது இல்லை, கல்லீரல் ஸ்கேனில் கொழுப்பு இல்லை. சிகிச்சை தொடங்காத பெரியவர்களில் கணிசமானோருக்குக் கல்லீரல் நொதிகள் இப்படி லேசாக உயர்ந்திருக்கும். குளூட்டன் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் இறங்கிவிடும். காரணம் தெரியாமல் நொதி உயர்ந்த ஒருவரிடம் சீலியாக் நோயைத் தேடுவது நல்ல பழக்கம்.

ஏன் சிஆர்பி எழவில்லை

சிஆர்பியைச் செய்வது கல்லீரல். அதற்கு உத்தரவு போடுவது முக்கியமாக இன்டர்லூக்கின்-6 என்னும் சமிக்ஞைப் புரதம். நிமோனியாவிலோ குரோன் நோயிலோ இந்த உத்தரவு ரத்தத்தில் நிறைந்து ஓடும், சிஆர்பி பத்து மடங்கு, நூறு மடங்கு ஏறும்.

சீலியாக் நோயில் நடப்பது வேறு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் குளூட்டனில் குளூட்டமின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அதிகம். நம் செரிமான நொதிகளால் அந்தப் பகுதிகளை முழுதாக வெட்ட முடிவதில்லை. 33 அமினோ அமில நீளமுள்ள ஒரு துண்டு இப்படி வெட்டுப்படாமல் தப்புவதை 2002-ல் காட்டினார்கள். இந்தத் துண்டுகள் சவ்வுக்கு அடியில் போகும்போது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அவற்றிலுள்ள குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றுகிறது. மாறிய துண்டு எச்எல்ஏ-டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற, மரபுவழி வரும் நோயெதிர்ப்பு மூலக்கூறில் இறுக்கமாகப் பொருந்துகிறது. அதைப் பார்க்கும் சிடி4 டி செல்கள் என்ற லிம்போசைட்டுகள் இன்டர்ஃபெரான்-காமாவையும் இன்டர்லூக்கின்-21-ஐயும் வெளியிடுகின்றன. சவ்வின் செல்கள் தங்கள் பங்குக்கு இன்டர்லூக்கின்-15-ஐப் பெருக்குகின்றன. இந்தச் சூழலில் சவ்வுக்குள்ளேயே குடியிருக்கும் லிம்போசைட்டுகள் பக்கத்துச் செல்லைக் கொல்ல ஆரம்பிக்கின்றன. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன.

இவ்வளவும் அந்த மெல்லிய சவ்வுக்குள்ளேயே நடந்து முடிகிறது. கல்லீரலுக்குப் போகும் உத்தரவு சொற்பம். ஆகவே சிஆர்பி 2.1 என்ற எண்ணில் ஆய்வகப் பிழை எதுவும் இல்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. கேள்விதான் இந்த நோய்க்குப் பொருந்தாதது.

கேட்டிருக்கவேண்டிய பரிசோதனை

டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான ஐஜிஏ வகை எதிர்ப்பொருள், சுருக்கமாக டிடிஜி-ஐஜிஏ. இந்த நொதிதான் நோயெதிர்ப்பு மண்டலத்தின் இலக்கு என்று ஜெர்மனியில் ஷூப்பான் குழுவினர் 1997-ல் கண்டறிந்த பிறகு சீலியாக் நோயறிதலே மாறிப்போனது. அழற்சி எவ்வளவு என்று அளக்கும் சோதனை இல்லை இது. எந்த நோய் என்று அடையாளம் காட்டும் சோதனை.

இதோடு மொத்த ஐஜிஏவையும் சேர்த்துக் கேட்கவேண்டும். சீலியாக் நோயாளிகளில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு ஐஜிஏவே சுரப்பதில்லை. அவர்களிடம் டிடிஜி-ஐஜிஏ எப்போதும் இயல்பாகத்தான் வரும். அப்போது ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனைகளுக்குப் போகவேண்டும்.

அக்காவுக்கு மொத்த ஐஜிஏ 1.8 கிராம், இயல்பு. டிடிஜி-ஐஜிஏ 112, இயல்பின் மேல்வரம்பு 10. சீலியாக்கை உறுதிப்படுத்த உதவும் எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் இருந்தது. இதே எண்கள் ஒரு குழந்தைக்கு வந்திருந்தால், அதாவது டிடிஜி மேல்வரம்பைப்போல் பத்து மடங்கு தாண்டி, இரண்டாவது ரத்த மாதிரியில் எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் தென்பட்டிருந்தால், 2020-ஆம் ஆண்டு ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பைக் குடலியல் சங்க வழிகாட்டுதலின்படி எண்டோஸ்கோபி இல்லாமலே நோயை உறுதிசெய்யலாம். பெரியவர்களிடம் திசு எடுத்துப் பார்ப்பதே இன்னும் பரவலான வழி.

எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலின் மடிப்புகளின் விளிம்பு வெட்டுவெட்டாகத் தெரிந்தது. முன்சிறுகுடலின் தொடக்கக் குமிழிலிருந்து இரண்டு, அதற்குக் கீழே நான்கு என்று ஆறு துண்டுகள் எடுக்கப்பட்டன. நோய் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் இந்த எண்ணிக்கை அவசியம். ஒரே ஒரு துண்டு எடுத்து இயல்பு என்று எழுதிய அறிக்கைகளை நம்பக் கூடாது. முடிவு: சவ்வின் சிதைவைத் தரம்பிரிக்கும் மார்ஷ் அளவுகோலில் 3பி (எண் கூடினால் சிதைவு அதிகம்). குடலுறிஞ்சிகள் பெருமளவு தேய்ந்திருந்தன, 100 சவ்வு செல்களுக்கு 60 லிம்போசைட்டுகள். 25-க்கு மேல் போனாலே அதிகம். ரத்தத்தில் சிஆர்பி 2.1 என்று காட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில் எடுத்த திசு இது.

இரும்பு ஊசி வழியாக ஏற்றப்பட்டது. தைராய்டு, எலும்பு அடர்த்தி, பி12, ஃபோலேட் எல்லாம் பார்க்கப்பட்டன. எலும்பு அடர்த்தி வயதுக்குக் குறைவு, மற்றவை பரவாயில்லை. உணவியல் நிபுணரிடம் அனுப்பினோம்.

தங்கை

சீலியாக் நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நோய் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம். பொது மக்களில் அது சுமார் 1 சதவீதம். அதனால் 31 வயதுத் தங்கையையும் வரச் சொன்னோம். அவர் வரும்போதே ஒரு கோப்போடு வந்தார்.

எட்டு மாதமாகக் கோதுமையை விட்டுவிட்டார். உப்புசம், மந்தமான தலை, களைப்பு. விட்ட பிறகு பாதி சரியாகிவிட்டது என்றார். கோப்பில் சிஆர்பி 9.4, நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கான ஐஜிஜி பட்டியல், ஸோனுலின் அளவு என்று ஒரு அறிக்கை, டிடிஜி-ஐஜிஏ 1.2.

"அக்காவோட சிஆர்பி ரெண்டு, என்னோடது ஒன்பது. அப்போ எனக்குத்தானே டாக்டர் குடல் ஜாஸ்தி கெட்டுப்போயிருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவர் உடல் நிறை குறியீடு 33. கொழுப்புத் திசுவே இன்டர்லூக்கின்-6-ஐச் சுரக்கும் என்பதால் உடல் பருமனில் சிஆர்பி இந்த அளவில் நிற்பது சாதாரணம். போதாததற்கு ஈறுகள் வீங்கி, தொட்டால் ரத்தம் வந்தது. ஈறு சிகிச்சை முடிந்த பிறகு எடுத்த சிஆர்பி 5.8. அதற்கும் குளூட்டனுக்கும் சம்பந்தம் தேட அவசியமில்லை.

ஐஜிஜி பட்டியலை ஓரமாக வைத்தோம். உணவுக்கு எதிரான ஐஜிஜி, அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதை வைத்து உணவைத் தவிர்க்க வேண்டாம் என்றே சொல்கின்றன. ஸோனுலினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சவ்வு செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கத்தைத் தளர்த்தும் புரதமாக இதை அலெசியோ ஃபசானோவின் குழு 2000-ஆம் ஆண்டு சீலியாக் நோயோடு தொடர்புபடுத்தியது. கருத்து சுவாரசியமானது. ஆனால் கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டிகள் ஸோனுலினை அளக்காமல் வேறு புரதங்களைப் பிடிக்கின்றன என்று 2018-ல் காட்டப்பட்டது. அந்த எண்ணை வைத்து ஒருவரின் குடல் 'கசிகிறது' என்று சொல்வது எனக்குச் சரியாகப்படவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு உடனே மருந்தும் விற்பவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

டிடிஜி 1.2 என்பதிலும் சிக்கல். குளூட்டன் இல்லாத உணவில் எட்டு மாதம் இருந்தவரிடம் இந்த எதிர்ப்பொருள் இறங்கியிருக்கும், சவ்வும் தேறியிருக்கலாம். இயல்பு என்ற முடிவுக்கு இங்கே பொருளே இல்லை. உணவைப் பொருட்படுத்தாத ஒரே சோதனை மரபணுச் சோதனை. டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லையென்றால் சீலியாக் நோயை ஏறக்குறைய மறந்துவிடலாம். தங்கைக்கு டிக்யூ2 இருந்தது. இருப்பதால் நோய் உண்டு என்றாகாது. பல நாடுகளில் 30 முதல் 40 சதவீதம் மக்களிடம் இவற்றில் ஒன்று இருக்கிறது. ஆனால் கதவு மூடவும் இல்லை.

மிச்சம் இருந்தது குளூட்டன் சவால்தான், அதாவது குளூட்டனை மீண்டும் சாப்பிட வைத்துப் பார்ப்பது. தினமும் 10 கிராம் குளூட்டன் என்று தொடங்கினோம், கோதுமை ரொட்டித் துண்டு ஒன்றில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். இரண்டாவது வாரமே அவரால் முடியவில்லை. 4 கிராமாகக் குறைத்து எட்டு வாரம் ஓட்டினார். தினமும் 3 கிராமாவது இருந்தால் பலருக்கு இரண்டு வாரத்திலேயே திசுவில் மாற்றம் தெரியும், எதிர்ப்பொருள் ஏறக் கொஞ்சம் பிந்தும் என்பதால் எட்டு வாரம் நல்ல கால அளவு. முடிவில் டிடிஜி 1.6, எண்டோமைசியல் இல்லை. திசுவில் லிம்போசைட் 18, குடலுறிஞ்சிகள் நீளமாக, ஒழுங்காக. ஒவ்வாமையைக் காட்டும், கோதுமைக்கான ஐஜிஇ எதிர்ப்பொருளும் இல்லை. சீலியாக் இல்லை, கோதுமை ஒவ்வாமையும் இல்லை.

உபாதை மட்டும் இருந்தது, அதுவும் நிஜமாகவே இருந்தது.

குளூட்டன் உணர்திறனுக்குக் குறியீடு உண்டா

சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன் என்ற பெயருக்குள் வருபவர்களிடம் அழற்சி இருக்கிறதா என்ற கேள்விக்கு 2016-ல் 'கட்' (Gut) என்ற மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு சுவையான பதில் தந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்த ஆய்வு அது. கோதுமை தங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்ன, சீலியாக் இல்லாதவர்களின் ரத்தத்தில் கரையும் சிடி14, எல்பிஎஸ்-பிணைப்புப் புரதம் இரண்டும் கூடியிருந்தன. இவை குடல் பாக்டீரியாவின் பொருள்கள் ரத்தத்துக்குள் வரும்போது எழும் எதிர்வினைகள். குடல் செல் உடையும்போது கசியும் எஃப்ஏபிபி2 என்ற புரதமும் கூடியிருந்தது. கோதுமையை விட்ட ஒரு பகுதியினரிடம் இவை இறங்கின. ஆக, 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லி அனுப்புவதற்கு இனி இடமில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். குழுவாகப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு தெரிகிறது. ஒரு தனி மனிதரின் ரத்தத்தில் சிடி14 இவ்வளவு, ஆகவே உங்களுக்கு இந்த நோய் என்று சொல்லும் எல்லைக்கோடு கிடையாது. குளூட்டனின் ஒரு பகுதியான கிளியாடினுக்கு எதிரான பழைய ஐஜிஜி எதிர்ப்பொருள் இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இருக்கிறது, ஆரோக்கியமானவர்களிலும் சிலரிடம் இருக்கிறது. அதனால் அதுவும் உதவாது.

மறுபக்கம், மோனாஷ் பல்கலைக்கழகத்தின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு. குளூட்டன் உணர்திறன் உள்ளதாகச் சொன்ன 37 பேருக்கு முதலில் நொதிக்கும் சர்க்கரைகள் குறைந்த உணவைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் உபாதை குறைந்தது. அதற்கு மேல் குளூட்டன் கொடுத்தபோது, யாருக்கு என்ன கொடுக்கிறோம் என்று தெரியாத நிலையில், குளூட்டனுக்கென்று தனி விளைவு 8 சதவீதம் பேரிடம்தான் தெரிந்தது. உணவை மாற்றியதால் எந்த உயிரியல் குறியீடும் மாறவில்லை. 2018-ல் நார்வேயில் 59 பேரிடம் செய்த ஆய்வில் குளூட்டனைவிட ஃபிரக்டான் என்ற மாவுப்பொருளே அதிக உபாதை தந்தது. கோதுமையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதுதான் குழப்பத்தின் வேர். போதாததற்குக் கோதுமையிலுள்ள அமைலேஸ்-டிரிப்சின் தடுப்பான் புரதங்கள் டிஎல்ஆர்4 என்ற செல் ஏற்பி வழியாக உள்ளார்ந்த நோயெதிர்ப்பைத் தூண்டுவதாக 2012-ல் இருந்து சான்றுகள் வருகின்றன. கோதுமையைச் சாப்பிட்டால் கஷ்டம் என்று சொல்பவரிடம் இந்த மூன்றில் எது குற்றவாளி என்று எந்த ரத்தப் பரிசோதனையும் இன்று பிரித்துச் சொல்லாது.

அதனால் தங்கையிடம் இத்தாலியின் சலேர்னோவில் கூடிய நிபுணர்கள் வகுத்து 2015-ல் வெளியான முறையைப் பின்பற்றினோம். தினமும் 8 கிராம் குளூட்டன் ஒரு வாரம், இடையில் ஒரு வார ஓய்வு, பிறகு குளூட்டன் இல்லாத போலி ஒரு வாரம். எது எப்போது என்று அவருக்கும் தெரியாது, மதிப்பெண் குறித்தவருக்கும் தெரியாது. இரண்டு வாரங்களுக்கும் உபாதையில் 30 சதவீத வேறுபாடாவது இருந்தால்தான் கணக்கு. அவருக்கு 11 சதவீதம். போலி வாரத்திலும் அவர் வயிறு உப்பத்தான் செய்தது. அப்புறம் உணவியல் நிபுணரின் வழிகாட்டலில் ஃபிரக்டானைத் தனியாகச் சோதித்தோம். வெங்காயமும் பூண்டும் சாப்பிட்ட நாட்களில் உபாதை கூடியது. கோதுமைக்குள் குளூட்டன் மட்டும் இருந்திருந்தால் அவருக்குப் பிரச்சினையே வந்திருக்காது என்பது என் ஊகம். பெயர் என்று வேண்டுமானால் ஐபிஎஸ், ஃபிரக்டான் தாங்காமை. அவருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. அளவு குறைத்தால் கோதுமையும் சாப்பிடலாம் என்றதும் கொஞ்சம் பிடித்தது.

பின்தொடர்தல்

அக்காவின் டிடிஜி ஆறாம் மாதம் 38, ஒரு வருடத்தில் 14, இரண்டு வருடத்தில் 6. ஏஎல்டி ஒரு வருடத்தில் 29. எல்லாம் பாடப்புத்தகம் போல இறங்கியது. ஆனால் ஊசியில் ஏற்றிய இரும்பு தங்கவில்லை. ஃபெரிட்டின் 48-லிருந்து 14-க்கு வந்தது. அசதி திரும்பியது. சிஆர்பி வழக்கம்போல் 1.9.

டிடிஜி இயல்புக்கு வந்துவிட்டது, ஆகவே குடல் ஆறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இந்த எதிர்ப்பொருள் நோயைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன், ஆறிவிட்டதா என்று சொல்வதில் சுமார்தான். தொடர்ந்து சவ்வு சிதைந்திருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை இது தவறவிடுகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 2017-ல் தெரிந்தது. பெரியவர்களின் சவ்வு ஆறும் வேகமும் மெதுவானது. மேயோ கிளினிக்கின் 2010-ஆம் ஆண்டுத் தரவுகளில் இரண்டு வருடத்தில் 34 சதவீதம், ஐந்து வருடத்தில் 66 சதவீதம் பேருக்கே முழுமையாக ஆறியிருந்தது.

சிறுநீரில் குளூட்டன் துண்டுகளைத் தேடும் சோதனை செய்தோம். கடந்த ஓரிரண்டு நாளில் உள்ளே போன குளூட்டனை இது காட்டிக்கொடுக்கும். மூன்று மாதிரிகளில் இரண்டில் இருந்தது. அவர் ரொம்பக் கட்டுப்பாடாக இருப்பவர், அதனால் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். உணவியல் நிபுணர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தினசரி உணவை எழுதச் சொல்லி, காலை ஓட்ஸில் போய் நின்றார். ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி கலந்துவிடுவதால் சாதாரண ஓட்ஸ் நம்பத்தக்கதல்ல. குளூட்டன் அற்றது என்று எழுத சர்வதேச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்தப் பொட்டலத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனே சில மாதங்களில் சவ்வைக் கெடுக்கப் போதும் என்பது 2007-ல் சோதித்தறியப்பட்டது. கண்ணுக்குக்கூடத் தெரியாத அளவு. அப்போது எடுத்த திசு மார்ஷ் 3ஏ. ஓட்ஸை மாற்றிப் பதினெட்டு மாதம் கழித்து மார்ஷ் 1, ஃபெரிட்டின் 41.

நடுவில் ஒரு சம்பவம். மூன்றாம் வருடம் காய்ச்சலோடும் பேதியோடும் வந்தார். சிஆர்பி 46, கால்புரோடெக்டின் 480. குளூட்டன் பட்டுவிட்டது என்று அவரே முடிவுகட்டியிருந்தார். இங்கேதான் அந்த மௌனமான சோதனைகள் உதவின. இத்தனை வருடம் சிதைந்த குடலோடு 2-ஐ ஒட்டியே நின்ற சிஆர்பி இன்று 46 என்றால், காரணத்தைச் சீலியாக்குக்கு வெளியே தேடவேண்டும். மலப் பரிசோதனையில் கம்பைலோபாக்டர் கிருமி வந்தது. ஆறு வாரத்தில் சிஆர்பி 1.7, கால்புரோடெக்டின் 40. இறங்காமல் நின்றிருந்தால் அடுத்து குரோன் நோயைத் தேடியிருப்போம்.

தவறுதலாகக் குளூட்டன் பட்டால் ரத்தத்தில் எதுவுமே தெரியாதா என்று அவர் கேட்டார். தெரியும், சிஆர்பியில் இல்லை. சீலியாக் நோயாளிகள் குளூட்டன் சாப்பிட்ட சுமார் நான்கு மணி நேரத்தில் இன்டர்லூக்கின்-2 ரத்தத்தில் உச்சத்துக்குப் போவதை 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. குமட்டலும் வாந்தியும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. குளூட்டனை அடையாளம் காணும் டி செல்கள் விழித்துக்கொண்டதன் நேரடித் தடயம் அது. அளவு மிகச் சொற்பம் என்பதால் அதி நுண்ணுணர்வுக் கருவி வேண்டும், சாதாரண ஆய்வகத்தில் கிடைக்காது. எடுத்த ரத்தத்தோடு குளூட்டன் துண்டுகளைக் குழாயிலேயே கலந்து இன்டர்லூக்கின்-2-ஐ அளக்கும் முறையும் ஆராய்ச்சியில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தால் தங்கையைப் போன்றவர்கள் எட்டு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரொட்டி சாப்பிட வேண்டியிருக்காது.

அக்காவின் ஏழு வயது மகளுக்கு டிடிஜி-ஐஜிஏ 2, மொத்த ஐஜிஏ இயல்பு, டிக்யூ2 உண்டு. கோதுமையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அறிகுறி வந்தால் உடனே, வராவிட்டாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டிடிஜி பார்க்கவேண்டும். சிஆர்பி கேட்கவில்லை.